மன்மதனுக்கு விசில் அடிக்காதீக!

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குதிரை மேல உக்காந்து, பிள்ளையார் கோயில்ல இருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் போகணும். அம்புட்டுத்தேன்.

மாப்பிள்ளை நானு. மண்டபம் திருமங்கலத்துல. மெதுவா நடந்து போனாக்கூட கால் மணி நேரம் ஆகாது.

அதுக்கு எதுக்குய்யா குதிரைன்னு கேப்பீக. எல்லாம் எங்க தாய்மாமன் வாய்! பேசி முடிக்கப் போன அன்னைக்கு, பொண்ணோட அப்பா சும்மா இருக்காம, "எங்க மூத்த மருமகன் கார்ல வந்து எறங்குனாரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்புட்டாரு. எங்க மாமா மீசையத் தடவிக்கிட்டே, "எங்க பய குதிரையில வருவான்"னுட்டாரு.

அப்ப எழுபதுகளோட கடைசி. நான் ஆனையூர்ல சைக்கிள் கடை வச்சிருந்தேன். ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டுற நமக்குக் குதிரை எம்மாத்திரம்னு நானும் தலைய ஆட்டிட்டேன். மண்டையில மசாலா இல்லாதவன் வேற என்ன செய்வான்?

மாமனார் ஒண்ணே ஒண்ணு மட்டும் கறாராச் சொன்னாரு.

"இது ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தாலி ஏறணும். தவறுச்சுன்னா ஆடி முடிஞ்சு ஆவணியிலதேன் பேச்சு."

ஆவணியா! பொண்ணு பேரு செல்வி. பொண்ணு பாக்கப் போனப்ப காப்பித் தட்டோட வந்து, ஒரு நொடி நிமிந்து பாத்துச்சு. அந்த ஒரு நொடியிலயே நான் காலி. ஒரு வார்த்தை பேசலை, குரல் எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. ஆனா ராத்திரி தூக்கம் போச்சு. இதுல ஆவணி வரைக்கும் எவன் தாங்குறது?

குதிரைக்காரர் காசிம் பாய். மதுரையில ரயிலடிப் பக்கம் ஜட்கா ஓட்டுறவரு. முகூர்த்த நாள்ல வண்டியக் கழட்டிட்டு, அதே குதிரைக்குச் சேணத்தைப் போட்டு, நெத்தியில ஜிகினாப் பட்டையக் கட்டி ஊர்வலத்துக்கு விடுவாரு. முதல் நாளே குதிரையோட திருமங்கலம் வந்துட்டாரு.

கல்யாணத்தன்னைக்குக் காலையில கோயில் வாசல்லதேன் நான் பாத்தேன். நல்ல வெள்ளைக் குதிரை.

"பேரு என்ன பாய்?"

"மன்மதன். பயப்படாதீங்க மாப்பிள்ளை. காயடிச்ச குதிரை. பசு மாதிரி இருப்பான்."

"காயடிச்சதுக்கு மன்மதன்னா பேரு வச்சீக?"

"பேரு முதல்ல வச்சது. காய் பொறகு எடுத்தது."

மன்மதன் என்னைய மேலயும் கீழயும் பாத்தான். என் மாலையப் பாத்தான். பெருமூச்சு விட்டான். கல்யாணத்தைப் பத்தி அவனுக்குன்னு ஒரு கருத்து இருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

பட்டுவேட்டி கட்டிக்கிட்டுக் குதிரை ஏறிப் பாத்திருக்கீகளா? ஏறாதீக. இந்தப் பக்கம் இழுத்து விட்டா அந்தப் பக்கம் தொடை தெரியுது. நல்லவேளை, உள்ள முழங்கால் வரைக்கும் பட்டாபட்டி டவுசர். நீலக் கோடு போட்டது. அதை அன்னைக்குத் திருமங்கலமே பாத்துச்சு, அது வேற கதை.

"லகான் என் கையில இருக்கும். நீங்க சேணத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க"ன்னு சொல்லி, ரெண்டு பக்கமும் தொங்குன இரும்பு வளையத்துல என் காலைச் சொருகி விட்டாரு பாய்.

முன்னாடி நாதஸ்வரம், தவிலு. அடுத்தாப்புல சீர்த்தட்டோட பொம்பளைங்க. பின்னாடி எங்க சைக்கிள் கடைக் கூட்டம். அதுக்குத் தலைவன் பாண்டி. புதுப்படம் வந்தா முதல் ஆட்டத்துல நாக்கை மடிச்சு அவன் அடிக்கிற விசில் தேட்டருக்கு வெளிய சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். "மாப்ள, நான் குதிரையில ஏறுனதும் விசில் பறக்கணும்டா"ன்னு நாந்தேன் சொல்லி வச்சிருந்தேன். யாரையும் குத்தம் சொல்லக்கூடாது.

பத்தடி போயிருப்போம். விசில் பறந்துச்சு.

மன்மதன் சடக்குன்னு நின்னான். முன்னங்கால் ரெண்டும் முன்னால போகுது. பின்னங்கால் ரெண்டும் பின்னால போகுது. நடுவுல நான் மெல்ல மெல்லக் கீழ எறங்குறேன்.

"பாய்! குதிரை ஒடையுது பாய்!"

"ஒடையல மாப்பிள்ளை, ஒண்ணுக்குப் போறான்! முதுகுல பாரம் போடாதீங்க! வளையத்துல காலை ஊண்டி எந்திரிச்சு நில்லுங்க!"

எந்திரிச்சு நின்னேன். விழுந்துருவேனோன்னு ஒரு கை தானா மேல போயிருச்சு. கூட்டம் என்ன நெனைக்கும்? மாப்பிள்ளை குதிரை மேல எந்திரிச்சு நின்னு கையசைக்கிறாருன்னு நெனச்சுருச்சு! ஒரே கைதட்டல்!

கீழ? மதகு திறந்து விட்ட மாதிரி! தார் ரோட்டுல விழுந்து நாலா பக்கமும் தெறிக்குது. தவில்காரரு தவிலைத் தலைக்கு மேல தூக்கிட்டாரு. எங்க அத்தை பழத்தட்டைப் போட்டுட்டு, "அடப்பாவி, பட்டுச்சேலைடா!"ன்னு ஓடுச்சு. நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தலை. தள்ளி நின்னு, முடியுற வரைக்கும் ஒரே சுரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. வித்வான்னா அவருதேன்.

சரி, போச்சு. இதோட முடிஞ்சதுன்னு உக்காந்தேன். நாலு எட்டு வச்சோம். நான் கையசைச்ச அழகுல சொக்கிப்போயி பாண்டி மறுபடி ஒரு விசில் விட்டான்.

நின்னான் மன்மதன்! காலை அகட்டினான். நானும் எந்திரிச்சேன். கைதட்டல்!

ஆனா இந்தத் தடவை கீழ ஒண்ணும் வரலை. நிக்கிறான், நிக்கிறான், நின்னுக்கிட்டே இருக்கான்.

"பாய், வரலைல்ல? பெறகு எதுக்கு நிக்கிறான்?"

"யோசிக்கிறான்."

"என்னத்தப் பாய் யோசிக்கிறான்? மணி என்னாச்சு!"

அப்பத்தேன் பாய் திடுக்குன்னு பின்னாடி திரும்பிப் பாத்தாரு. "யா அல்லா! எவன் விசில் அடிக்கிறது?"

விசயம் என்னன்னா, ஜட்காவுல ஆள் ஏறுன பொறகு குதிரை நடுவழியில நிக்கக்கூடாதுல்ல? அதுக்காக தினமும் காலையில லாயத்துல நின்னு பாய் விசில் அடிப்பாரு. மன்மதன் எல்லாத்தையும் முடிச்சுட்டுத்தேன் வண்டிக்கு வருவான். குட்டியில இருந்தே அப்படிப் பழக்கம். "கைப்புள்ளைக்கு உஸ்ஸுன்னு சொல்லுவாங்கள்ல, அதே மாதிரிதான்"ங்கிறாரு.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா பாய்?"

"மாப்பிள்ளைக்கு யாரு விசில் அடிப்பாங்கன்னு நான் கண்டேன்?"

எங்க மாமா பின்னாடி திரும்பி, நரம்பு புடைக்கக் கத்துனாரு. "டேய் பாண்டி! விசில் அடிக்காதீங்கடா!"

தவில் சத்தத்துல நடுவுல மூணு எழுத்து முங்கிப்போச்சு. பாண்டி காதுல விழுந்தது, "விசில் அடிங்கடா!"

மாமாவே சொல்லிட்டாரு! கேக்கணுமா? மொத்தக் கூட்டமும் வாயில விரலை வச்சிருச்சு. எனக்கு உக்காரவே நேரமில்லை. மன்மதன் அகட்டுறான், நான் எந்திரிக்கிறேன். அகட்டுறான், எந்திரிக்கிறேன். பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல நிக்க வச்சப்பக்கூட நான் இம்புட்டு நேரம் நின்னதில்லை.

ஒரு வழியா பாண்டி வாயைப் பொத்தி, ஊர்வலம் பெரிய ரோட்டுக்கு வந்துச்சு. ரோட்டைத் தாண்டுனா எதுத்தாப்புல மண்டபம். வாசல்ல கட்டுன வாழைமரம் கண்ணுக்குத் தெரியுது.

சரியா நடு ரோட்டுக்கு வந்தோம். மதுரையில இருந்து வந்த பஸ்ஸு நின்னுச்சு. கண்டக்டர் ஆளை எறக்கிட்டு, போலாம்னு விசில் கொடுத்தாரு.

மன்மதன் நடு ரோட்டுல காலை அகட்டிட்டான்.

பஸ்ஸு போக முடியல. டிரைவர் ஆரன் அடிக்கிறாரு. பின்னாடி லாரி, கட்டைவண்டி எல்லாம் வரிசை கட்டிருச்சு. முக்குல நின்ன போலீஸ்காரர் ஓடி வந்தாரு. வந்தவரு என்ன செய்வாரு? அவரும் வாயில விசிலை வச்சாரு!

"சார், விசிலை நிறுத்துங்க சார்!"

"யோவ், டிராபிக் போலீஸு விசில் ஊதாம நாதஸ்வரமாய்யா ஊதுவான்? குதிரைய எடுய்யா!"ன்னு மறுபடி ஊதுறாரு.

"நீங்க ஊதுறதாலதேன் சார் நிக்கிது!"

"என்னது, போலீஸ்காரனையே நக்கல் பண்றியா?"

பஸ் ஜன்னல் பூராம் தலைக. "ஏய், மாப்பிள்ளை டவுசர் நல்லாருக்குப்பா!"ங்குது ஒரு அம்மா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. டவுசரா முக்கியம்? அங்கிட்டு மண்டபத்துல செல்வி, இங்கிட்டு ஆவணி, நடுவுல நான் நட்டமா நிக்கிறேன்!

"எறங்கி ஓடிருறேன் மாமா!"

"கால் தரையில பட்டுச்சு, கொன்னேபுடுவேன்! குதிரையிலதேன் போகணும்!"

பாய்க்கு ஒரு யோசனை. எங்க மாமா தோள்ல கெடந்த ஜரிகைத் துண்டை உருவினாரு. மன்மதனோட ரெண்டு காதையும் மடிச்சு, துண்டால இறுக்கிக் கட்டிட்டாரு. பின்பக்கம் ஒரு தட்டு.

கெளம்பிட்டான்! எப்படி? காலையில இருந்து பட்ட எரிச்சலையெல்லாம் சேத்து வச்சு எடுத்தான் பாருங்க ஓட்டம்! பாய் கையில இருந்து லகான் பிச்சுக்கிட்டுப் போச்சு. "ஹோ! ஹோ!"ன்னு பாய் கத்துறாரு. காதைக் கட்டினவனுக்கு ஹோ எங்க கேக்கும்?

மாலை வாயில அடிக்குது. வேட்டி எங்கன்னே தெரியல. இதுல அவன் வயித்துக்கடியில இருந்து 'கொளக் கொளக்'னு ஒரு சத்தம் வேற. காயடிச்ச குதிரை ஓடுனா அப்படித்தேன் சத்தம் வரும்னு பாய் பொறகுதேன் சொன்னாரு. நான் என் வயித்துல இருந்துதேன் வருதுன்னு நெனச்சேன்.

மண்டப வாசல்ல மாமியார் ஆலாத்தித் தட்டோட நிக்கிறாக. மாமனார் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "வாங்க மாப்பிள்ளை!"ன்னு நிக்கிறாரு. நான் வந்துக்கிட்டேதேன் இருக்கேன். வேகமா வந்துக்கிட்டு இருக்கேன்!

"மாமா, தள்ளுங்க! தள்ளுங்க மாமா!"

ஓட்டத்துல துண்டு அவுந்து விழுந்துச்சு. விசில் அடிச்சா நிப்பான். அது எனக்குப் புரியுது. ஆனா உதட்டைக் குவிச்சா வெறும் காத்துத்தேன் வருது. காலையில இருந்து அம்புட்டுப் பேரு அடிச்சாக, வேணும்ங்கிறப்ப ஒருத்தன் இல்லை!

அப்பத்தேன் மண்டபத்து மாடியில இருந்து ஒரு விசில் வந்துச்சு பாருங்க. பாண்டியெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது!

மன்மதன் மாமனார் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னாடி நட்டுன கம்பம் மாதிரி நின்னான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குனேன். அவன் காலை அகட்டினான். பாய் சொல்லாமலே எந்திரிச்சு நின்னேன். பழகிப்போச்சு.

எல்லாரும் அண்ணாந்து பாத்தோம். மாடி ஜன்னல்ல செல்வி. நெத்திச்சுட்டி, மாலை, அலங்காரம் அம்புட்டும் இருக்கு. ரெண்டு விரலும் இன்னும் வாயிலயே இருக்கு.

மாமனார் வாயைப் பொளந்துட்டாரு. "ஏய், என்ன புள்ள இது?"

"சோளக்கொல்லையில கிளி விரட்டுற விசிலுப்பா. மேல இருந்து பாத்துக்கிட்டேதேன் இருந்தேன். விசில் அடிச்சாத்தேன் நிக்கிது."

என் பொண்டாட்டி குரலை நான் முதமுதல்ல கேட்டது அப்பத்தேன். எனக்கு அப்பவே, அங்கனயே, குதிரை மேல இருந்தே தாலியைக் கட்டிரணும்னு இருந்துச்சு.

மாமனார் கடியாரத்தைப் பாத்தாரு. "பத்து தாண்டிருச்சு. எறக்குங்கய்யா மாப்பிள்ளைய!"

மணவறையில கொண்டு போயி உக்கார வச்சாக. பக்கத்துல செல்வி. ஐயர் மந்திரம் சொல்றாரு. பத்தரைக்கு இன்னும் நேரமிருக்கு. ஜெயிச்சாச்சு! ஆனா என்னால ஒரு எடத்துல உக்கார முடியல. அங்கிட்டு நெளியுறேன், இங்கிட்டு நெளியுறேன்.

செல்வி குனிஞ்ச தலை நிமிராம மெதுவாக் கேட்டுச்சு. "என்னங்க, பயமா?"

"இல்ல."

"புடிக்கலையா?"

"ஐயய்யோ! அம்புட்டுப் புடிச்சிருக்கு!"

"பெறகு எதுக்கு இந்த நெளி நெளியுறீக?"

என்னத்தச் சொல்ல? காலையில இருந்து அடிச்ச அம்புட்டு விசிலும் என் காதுலயுந்தேன விழுந்துச்சு!

சொன்னேன். மாலை குலுங்குற அளவுக்குச் சிரிச்சுச்சு. பெறகு நிமிந்து, "சாமி, ரெண்டு நிமிசம் மந்திரத்தை நிப்பாட்டுங்க. இவுக ஒரு அவசர வேலையாப் போயிட்டு வருவாக"ன்னுச்சு.

ராகுகாலத்துக்கு முன்னாடி, கொல்லைப்பக்கத்துக்குப் பின்னாடி, எனக்குக் கல்யாணம் ஆச்சு.