வில்லன் கிடைக்காத விழிப்புணர்வுப் படம்

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் பராமரிப்பு அலுவலகம் இருந்தது. வாய்க்காலை யாரும் பராமரித்துப் பார்த்ததில்லை. அலுவலகத்தை நன்றாகவே பராமரித்தார்கள். பதினாறு ஆண்கள், ஒரு பெண். அந்த ஒரு பெண், இளநிலை உதவியாளர் காளியம்மாள்.

கண்காணிப்பாளர் கோவிந்தராசுவுக்கு ஒரு பழக்கம். கோப்பு பார்க்கிறேன் என்று வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார், தோளில் கை வைப்பார். மூன்று தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். நாலாவது தடவை கை கழுத்துவரை வந்துவிட்டது.

"கையை எடுங்க சார்."

"நான் உனக்கு அண்ணன் மாதிரிம்மா."

காளியம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்களே இரண்டு பேர். இரண்டு பேருக்கும் இந்த வியாதி கிடையாது. அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. நாலு பேர் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அவளைச் சொல்லச்சொல்லிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அலுவலகத் தலைவர் பொறியாளர் இராஜாங்கம். புகாரை மூன்று முறை படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"சட்டப்படி விசாரணைக் குழுவுக்கு ஒரு பெண்தாம்மா தலைவரா இருக்கணும்."

"சரிங்க சார்."

"இங்க பெண்ணுன்னா நீங்க ஒருத்தர்தான். அதனால நீங்கதான் தலைவர். வாழ்த்துகள்."

குழுத் தலைவர் காளியம்மாள், புகார்தாரர் காளியம்மாளுக்கு நேரில் ஆஜராகும்படி கடிதம் அனுப்பினாள். புகார்தாரர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். குறித்த நாளில் இருவரும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். இராஜாங்கம் கவலைப்பட்டார். "தலைவரும் புகார்தாரரும் இவ்வளவு நெருக்கமா இருந்தா நடுநிலைமை கெட்டுப்போயிடுமே" என்றார். விசாரணை, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த நேரம் பார்த்து மேலிடத்துச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் தொல்லைகள் குறித்து ஒவ்வொரு அலுவலகமும் ஒரு விழிப்புணர்வுப் படம் எடுக்க வேண்டும். மாண்புமிகு அமைச்சர் அவர்களே நேரில் வந்து பார்ப்பார். சிறந்த படத்துக்குக் கேடயம். இராஜாங்கத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று.

"குழு முன்னால சொன்னா நாலு பேர் கேப்பாங்க. படத்துல சொன்னா நாடே கேக்கும். நீங்களே நடிச்சிடுங்க."

எப்படியோ, சொல்ல விட்டால் போதும் என்று காளியம்மாள் தலையாட்டினாள். அங்கேதான் ஏமாந்தாள், பாவி மகள்.

இயக்குநரும் கதாநாயகனும் கோவிந்தராசு என்று உத்தரவாயிற்று. ஏனென்றால் அலுவலகத்திலேயே மேடை ஏறியவர் அவர் ஒருவர்தான். வாலிப வயதில் கட்சி நாடகங்களில் உழவர் தலைவனாக வந்து, பண்ணையார் ஓர் ஏழைப் பெண்ணிடம் வம்பு செய்யும் இடத்தில் ஊரே அதிரும்படி உறுமியவர்.

"சார், குற்றஞ்சாட்டப்பட்டவரே கதாநாயகனா?"

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் இராஜாங்கம். " விசாரணையே இன்னும் தொடங்கலை. தலைவர் நீங்கதானே தேதி குறிக்காம வெச்சிருக்கீங்க?"

 

அடுத்து, வில்லன் தேர்வுக் கூட்டம்.

"அதிகாரியை வில்லனா வெச்சா துறைக்குக் களங்கம்" என்றார் இராஜாங்கம். "பண்ணையாரா வெச்சுக்கலாமே."

"ஐயையோ, பண்ணையாருங்கள்லாம் இப்ப நம்ம கட்சியிலதான் பொறுப்புல இருக்காங்க" என்றார் கோவிந்தராசு.

"விவசாயி?"

"சம்பாவுக்குத் தண்ணி வரலை. ஏற்கெனவே ரோட்டுலதான் உக்காந்திருக்காங்க."

"ஒப்பந்தக்காரர்?" என்று கேட்டாள் காளியம்மாள்.

"அவர் தங்கமானவரும்மா" என்றார் இராஜாங்கம், குரல் தழுதழுக்க.

வெளியூர்க்காரன் என்று வைக்கலாமா? குத்தாலம் என்றால் இராஜாங்கத்தின் மாமனார் வீடு. வேதாரண்யம் என்றால் புயலில் அடிபட்ட ஊர். மேலும் அடிப்பது மனிதாபிமானம் ஆகாது. கடைசியில் காவலாளி ரெத்தினம்தான் வழி சொன்னார். "ஆளு எதுக்குங்க? ஒரு கையை மட்டும் காட்டுங்களேன்."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ரெத்தினத்தின் கையையே வைத்து ஒருநாள் முழுக்கப் படம் பிடித்தார்கள். மறுநாள்தான் கோவிந்தராசுவுக்கு உறைத்தது, கை கூட்டணிக் கட்சியின் சின்னம். கையும் போயிற்று.

ஆக, படத்தில் காளியம்மாள் எழுதிக்கொண்டிருப்பாள், திடுக்கிடுவாள், அழுவாள். நடுவில் ஒன்றும் நடக்காது.

"சார், நான் எதுக்காக அழறேன்?"

"பொதுவா அழு" என்றார் கோவிந்தராசு.

"இவர்தான்னு ஒருத்தரைக் காட்ட வேணாமா?"

"காட்ட ஆளில்லையேம்மா. கடைசியில உன் மூஞ்சியை மட்டும் கிட்டத்துல எடுக்கறேன். அதுல எல்லாத்தையும் சொல்லிடு."

சொன்னாள். மூன்று நிமிடம். நாள், கிழமை, நாற்காலி, கழுத்து, பெயர், பதவி. எதிரே கேமராவுக்குப் பின்னால் நின்ற கோவிந்தராசு, "பிரமாதம், ஒரே டேக்" என்றார்.

கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. மகளிர் குழுக்களை வேன் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். முதல் வரிசையில் மாண்புமிகு. திரையில் கோவிந்தராசு வந்ததும் விசில் பறந்தது. அழுகிற காளியம்மாளின் தோளில் கை வைத்தார். கதாநாயகனின் கை என்பதால் அதை யாரும் நீக்கவில்லை.

"தாயே! உன் கண்ணீர் காவிரியாகப் பெருகலாம். ஆனால் கடைமடை வரை போக விடமாட்டேன்!"

மாண்புமிகு அவர்களே கைதட்டினார்.  காளியம்மாள் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் முகத்திலும் படம் ஓடியது.

"நான் புகார் கொடுத்ததே இந்தக் கையைப் பத்தித்தான். என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், கேளுங்க."

மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மாள் அழுதழுது முகமே வீங்கிப்போய் இருந்தார்.

"உக்காரும்மா, மறைக்குது. அந்தப் பொண்ணு இப்பத்தான் வாயத் தொறக்குது."

காளியம்மாள் திரும்பிப் பார்த்தாள். திரையில் அவள் உதடு அசைந்தது. சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள்.

"பேசவே வேணாம்" என்று அந்த அம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிடுச்சு."