கடைவீதிக்குக் கேட்ட பதில்

தெஹியோவிட்ட,
புதன்கிழமை பிற்பகல்.

மதிப்பிற்குரிய மைத்துனர் சசிதரன் அவர்களுக்கு,

நானும் தங்கள் தமக்கை மல்லிகாவும் உடலளவில் நலம். தாங்களும், பிரசவத்தை நெருங்கும் தங்கள் துணைவியாரும் டொரொன்டோக் குளிரில் நலமாக இருக்க விரும்புகிறேன். இன்றைய மனநிலையில் இதைவிட நீளமாக விரும்ப என்னால் இயலவில்லை. வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் ஒருவருக்கு ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று வியப்பீர்கள். என் வீட்டுப் பேச்சு எந்தக் கருவி வழியாகப் போய் யாருடைய காதில் விழும் என்பதில் நான் நம்பிக்கை இழந்துவிட்டேன். அதற்குக் காரணம் தாங்கள் அனுப்பிய அன்பளிப்பு.

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் பேசிக்கொள்ளத் தலைக்கவசத்துக்குள் பொருத்தும் கம்பியில்லா ஒலிக்கருவிகள் இரண்டை அனுப்பி, "மச்சான், இது எந்த பைக்கோடயும் சேரும், கண்ண மூடிக்கிட்டு மாட்டுங்க" என்று சொன்னவர் தாங்கள். என் மோட்டார் சைக்கிளில், அதை எனக்கு விற்ற இளைஞன் பின்னிருக்கையின் கீழே பொருத்திய ஒலிப்பெட்டி இருப்பதும் தங்களுக்குத் தெரியும். பேராதனையில் தர்க்கவியல் படித்து, இன்று ஒரு தோட்டப் பாடசாலையின் உப அதிபராக இருக்கும் நான், பெட்டியையும் கருவியையும் சேர்த்துவைக்க மூன்று நாட்கள் முயன்றேன். இரண்டும் நீல வெளிச்சத்தைக் கண்சிமிட்டினவே தவிர ஒன்றையொன்று ஏறிட்டும் பார்க்கவில்லை. நான்காம் நாள், கைத்தொலைபேசி திருத்தும் ஆஸிக்கின் கடைக்குக் கொண்டு போனேன். அவர் அரை நிமிடம் பார்த்தார்.

"சேர், இதுவும் காது, அதுவும் காது. ரெண்டு காதும் சேந்து என்னத்தப் பேசும்? நடுவுல ஒரு வாய் வேணும்."

அந்த வாயாக என் தொலைபேசியை நிறுத்தி, அதில் ஏதோ ஒரு செயலியை ஏற்றி, "இப்ப ஹரி சேர், எல்லாம் சரி, போங்க" என்று அனுப்பிவைத்தார்.

அன்று மல்லிகாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். பிரசவத்துக்கு உதவியாக அவளை ஆறு மாதம் அனுப்பும்படி தாங்கள் கேட்டதும், "தாராளமாகப் போய்வரட்டும்" என்று நான் சொன்னதும் நினைவிருக்கும். படித்தவன் சொல்ல வேண்டிய சொல் அது, சொன்னேன். சொன்ன நாளிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. முகத்துக்கு நேரே கேட்க வராததை, முதுகுக்குப் பின்னால் இருப்பவளிடம் கேட்டுவிடலாம் என்ற துணிவு வாயருகே தொங்கிய அந்த மைக்கினால் வந்தது. தெஹியோவிட்டக் கடைவீதியில் அவிசாவளை பஸ் ஒன்று குறுக்கே நின்று பாதையை அடைத்த ஐந்து நிமிடத்தில், மிகத் தாழ்ந்த குரலில், "மல்லிகா, நீ போகத்தான் வேணுமா?" என்றேன்.

என் காதில் விழுந்தது, மலைச்சரிவுகளில் வசிப்போர் அவதானமாக இருக்க வேண்டும் என்ற வானொலி அறிவித்தல், சிங்களத்தில். பின்னால் ஒலிபெருக்கி ஒன்று முழங்கியது. லொத்தர்ச் சீட்டு விற்கும் வண்டி என்று நினைத்தேன். மல்லிகா பதில் சொல்லவில்லை. ஆகவே போவதென்று தீர்மானித்துவிட்டாள் என்ற முடிவுக்குத் தர்க்க முறைப்படி வந்தேன். வீட்டில் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஏதோ சொல்வேன் என்பதுபோல் அவள் நின்றாள். குடையை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். அன்றிலிருந்து அவள் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

நான்கு நாள் கழித்து, வானொலித் தொல்லையை நிறுத்தித் தரச் சொல்லிப் போனபோது, ஆஸிக் தலை குனிந்தபடி விளக்கினார்: "ஒங்கட ஹெல்மட்டுக்கு ரேடியோ போயீக்கி சேர். அக்கா பேசின எல்லாம் பெட்டியால வெளிய போயீக்கி. பஸாரே கேட்டிச்சே, ஒங்களுக்குக் கேக்கலயா?"

"கேட்டது" என்றேன். உப அதிபர் ஒருவர் வேறென்ன சொல்ல முடியும்? அந்த ஒரு சொல்லால் அவரிடமும், ஊரில் மற்ற எவரிடமும், என் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்கும் உரிமையை நானே ஒழித்துக்கொண்டேன். அவளிடமும் கேட்க முடியாது. அவள் பதிலைக் காதில் வாங்கிவிட்டுத்தான் நான் சும்மா இருக்கிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அதன் பின் பத்து நாட்களாக, ஒரு தீப்பெட்டி வாங்கவும் நாளுக்கு மூன்று தடவை கடைவீதிக்குப் போகிறேன். எவராவது வாய் தவறிச் சொல்லமாட்டார்களா என்றுதான். பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "சேர், ஒங்க வீட்டு நோனா சொன்னதுதான் ஹரி. நம்ம வீட்ல அப்படி ஒரு வார்த்த வராது" என்கிறான். பலசரக்குக் கடை ஜாபிர், "அங்கத்த தேத்தண்ணி வாய்க்கு வெக்க ஏலாதாம் சேர், நம்மட தேயில ரெண்டு பெக்கட் கட்டவா?" என்கிறார். புடைவைக் கடை றஹீமா ஓர் ஆண்கள் ஸ்வெட்டரை என் தோளில் வைத்து அளந்து பார்த்து, "சேருக்கு இது சரியா ஈக்கும்" என்கிறார். இந்த இறப்பர்க் காட்டு வெக்கையில் எனக்கு எதற்கு ஸ்வெட்டர்? எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் அதிபர் காத்தமுத்து, "லீவு ஃபோம் நெரப்பிட்டீங்களா யோகராஜ்? நீண்ட லீவா இருந்தா முன்னமே சொல்லுங்க" என்று முதுகில் தட்டினார். மனைவியால் கைவிடப்பட்டவன் பாடம் நடத்தும் நிலையில் இருக்கமாட்டான் என்று ஊரே கூடி முடிவு செய்திருப்பதாகவே இதற்குப் பொருள் கொள்கிறேன்.

ஆகவே அறியத்தருவது: தங்கள் தமக்கையின் பயணத்துக்கு எனக்கு ஆட்சேபனை கிடையாது. ஒரு பயணச்சீட்டை அனுப்பவும். ஒலிக்கருவிகள் இரண்டும் தனிப் பொதியில் திரும்பி வருகின்றன. என்னை எக்காலத்திலும் அங்கு அழைக்க வேண்டாம். தங்கள் வாசற்படியை நான் மிதிப்பதாக இல்லை.

தாயும் சேயும் குறைவின்றி இருக்க, எங்கள் தோட்டத்து மாரியம்மன் துணை நிற்கட்டும். அவளிடம் நேரில் சென்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
கா. யோகராஜ்

பி.கு.: உன் விலாசம் மல்லிகாவின் கொப்பியில்தான் இருக்கிறது என்பதால், உறையை ஒட்டாமல் அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு வந்தாள்.

"அப்ப ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்லை."

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு, லொத்தர்ச் சீட்டுக்காரன் வரை இரண்டு வாரமாக அறிந்திருந்ததை எனக்கும் சொன்னாள்: "நான் மட்டும் எதுக்குப் போகணும்? நீங்களும் கெளம்புங்க. ஒங்கள இங்க விட்டுட்டுப் போனா எனக்கு அங்க சோறு எறங்குமா? நீங்க வரலன்னா நானும் போகல."

மேலே எழுதியது எதையும் வாசிக்காதே, சசி. சீட்டு இரண்டாக எடு. எனக்குக் கடவுச்சீட்டு கிடையாது. விண்ணப்பிக்க நாளைக் காலையில் போகிறோம், பஸ்ஸில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து.