நாற்பத்தோராவது மரம்

டீசல் கேனோடு ரவிச்சந்திரன் பைக்கை விட்டு இறங்கியபோது, அவனுடைய டவரில் ஒரு ஆள் பாதி உயரம் ஏறியிருந்தான்.

இடுப்பில் அரிவாள். காலில் கயிறு.

"யோவ்! இறங்கு! கீழ இறங்குய்யா!"

"இன்னாத்துக்கு சார் கூவற?" மேலேயிருந்து முனிசாமி கேட்டான். "முப்பது வருசமா மரம் ஏறிக்கினு கீறேன். வுழமாட்டேன், பயப்படாத."

அது மரம் இல்லை. அதைத்தான் ரவிச்சந்திரன் சொல்ல வேண்டும். அதைத்தான் அவன் சொல்லக் கூடாது.

2006 ஜனவரி. மாமல்லபுரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் வடக்கே, கடலோரத் தோப்பு. ரவிச்சந்திரன் வேலை பார்த்த 'சாகர்டெல்' செல்போன் கம்பெனியும் 'ரிங்கோ' கம்பெனியும் அந்தக் கரையை யார் பிடிப்பது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். காரணம், சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி செல்லை ஆன் செய்தால், எந்த சிக்னல் பலமோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளூர்க்காரன் ஒரு மாதம் பேசுவதற்குக் கொடுப்பதை வெள்ளைக்காரன் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவான்.

ஆனால் சிற்பங்கள் இருக்கும் ஊர். டவர் கண்ணில் படக் கூடாது என்பது அனுமதியின் முதல் நிபந்தனை. போதாக்குறைக்கு, 'செல் டவர் எங்கள் ஊருக்கு வேண்டாம்' என்று கிராம சபையில் தீர்மானமே போட்டிருந்தார்கள்.

சாகர்டெல்லின் மூளைகள் யோசித்து, டவரைத் தென்னை மரமாகச் செய்துவிட்டன. இரும்புத் தண்டு, அதன் மேல் ஃபைபர் பட்டை, உச்சியில் பிளாஸ்டிக் மட்டைகள், மட்டைகளுக்கு நடுவே ஆன்டெனா. ஊராட்சித் தோப்பை ஒட்டி, மெட்ராஸ்காரர் ஒருவரின் வேலியில்லாத மனையை வாடகைக்குப் பிடித்தார்கள். பெருமழையில் ஊரே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த வாரம் கிரேனை வைத்து நட்டார்கள். யாராவது கேட்டால் 'ரிசார்ட் வரப்போகுது, வளர்ந்த மரத்தையே கொண்டாந்து வெச்சிருக்கோம்' என்று சொல்வதாக ஏற்பாடு. அருகே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஜெனரேட்டர். வெளியே 'பம்ப்செட் அறை' என்று எழுதியாகிவிட்டது.

எல்லாம் சரியாக நடந்தது. ஊராட்சியில் மகசூல் ஏலத்துக்கு மரங்களை எண்ணியவர், அதையும் சேர்த்து எண்ணி, தண்டில் தாரால் '41' என்று எழுதியதைத் தவிர.

முனிசாமி இறங்கி வந்தான். "மரத்துல ஒரு பிஞ்சு கூட இல்ல சார். உள்ள உய்ங்ங்குன்னு சத்தம் வேற. தேன்கூடு கீதோ?"

"அது... ஹைப்ரிட்."

"ஓ! ஹைப்ரிட்டு அப்படித்தான் கூவுமா?"

பின்னால் வெற்றிலைச் சாற்றைத் துப்பும் சத்தம் கேட்டது. ஏலம் எடுத்த எல்லம்மாள். ஐம்பத்தைந்து வயது, இடுப்பில் சாவிக்கொத்து, குரலில் மைக் செட்.

"நாப்பத்தியோரு மரம்னு சொல்லித்தான் ஏலம் எடுத்தேன், நைனா. நாப்பது மரம் காய்க்கிது, உன்னுது மட்டும் பட்டினி கெடக்குது. எனக்கு இன்னா பதிலு?"

"ஆயா, இது எங்க மனையில இருக்கிற மரம்..."

"அப்ப பத்திரத்தக் காட்டு. நம்பர ஏன் போட்டாங்க?"

பத்திரத்தைக் காட்ட முடியாது. அதில் முதல் வரியிலேயே 'செல்போன் கோபுரம்' என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. பம்ப்செட் அறை தடதடவென்று அதிர ஆரம்பித்தது. எல்லம்மாள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் குரலை மட்டும் உயர்த்தினாள். "அடுத்த காய்வெட்டுக்குள்ள மரத்துல காய் கண்ணுல படணும்! ஆமா!"

ரவிச்சந்திரன் செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியில் ரோஹித்துக்குப் போன் போட்டான். ரோஹித் ஏரியா ஹெட். வயது இருபத்தாறு. எம்.பி.ஏ.

"மேனேஜ் பண்ணுங்க ரவி," என்றான் ரோஹித். "ஊருக்குத் தெரிஞ்சா சைட் போச்சு. சைட் போனா நீங்களும் போச்சு. மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் மரம் மரமாவே இருக்கட்டும். ஏப்ரல் ஒண்ணு உங்க பர்மனென்ட் ஆர்டர். சிம்பிள்."

ஆறு வருடக் கான்ட்ராக்ட். அந்த ஒரு காகிதத்துக்காக வெயிலில் காய்ந்த ஆறு வருடம். வீட்டில் மனைவி சங்கரி காப்பியோடு சேர்த்து அதையும் நினைவூட்டினாள்.

"அணுபுரத்துலேர்ந்து அண்ணன் பேசினாரு. 'மாப்ள இன்னும் கான்ட்ராக்ட்டுதானா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"சிக்னல் சரியில்லன்னு கட் பண்ணிட்டேன்."

சங்கரியின் அண்ணன் திருவேங்கடத்துக்கு அணுமின் நிலையத்தில் சர்க்கார் உத்தியோகம். அணு உலைக்குப் பக்கத்தில் இருபது வருடமாக நிம்மதியாகத் தூங்குகிற மனிதர், செல் டவர் கதிர்வீச்சைப் பற்றி மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ரவிச்சந்திரனுக்கு வகுப்பெடுப்பார்.

மறுநாள் ரவிச்சந்திரன் செங்கல்பட்டு மார்க்கெட்டில் நாற்பது இளநீர் வாங்கினான். முனிசாமியைத் தனியே கூப்பிட்டான்.

"முதலாளி வந்து பார்க்கிறாரு முனிசாமி. மரம் பார்க்க லட்சணமா இருக்கணும். இத மேல கட்டிடு."

"பொண்ணு பாக்க வராங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே முனிசாமி ஏறிக் கட்டினான். கீழே வந்து கூலி வாங்கினான். பிறகு, "இந்த மாதிரி வேலைக்கு ரேட்டு வேற சார்" என்று இன்னொரு கூலியும் வாங்கினான்.

குலை குலையாகத் தொங்கியது. எல்லம்மாள் அண்ணாந்து பார்த்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நேத்து மொட்ட, இன்னிக்கு நாப்பது காய்! ஹைப்ரிட்டுன்னா ஹைப்ரிட்டுதான், நைனா!"

அன்று மாலை ரோஹித் போனில் அலறினான்.

"ரவி! கடற்கரை ஃபுல்லா சிக்னல் டவுன்! ரெண்டு ஜெர்மன் குரூப் அப்படியே ரிங்கோவுக்குப் போயிடுச்சு! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

தண்ணீர் நிறைந்த நாற்பது இளநீரை ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே கட்டினால் என்ன ஆகும் என்று சாகர்டெல்லின் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை. சிக்னலை இளநீர் குடித்துக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் தூக்கம் கெட்டு யோசித்ததில் ஒரு வழி பிறந்தது. காஞ்சிபுரத்தில் கல்யாண மேடை அலங்காரம் செய்பவரிடம் சொல்லி, தெர்மாகோலில் நாற்பது தேங்காய். பச்சைப் பெயிண்ட். காம்பு உட்பட கனகச்சிதம். சிக்னல் தாராளமாக ஊடுருவும். வெட்டு நாளன்று விடிவதற்குள் நிஜக் காய்களைக் கொண்டுவந்து தரையில் குவித்துவிடலாம்.

முனிசாமி ஒரு தெர்மாகோல் காயைக் கையில் எடைபோட்டுப் பார்த்தான். "ரொம்ப லேசா கீதே சார்?"

"ஹைப்ரிட்."

"சரி சார்."

மூன்று வாரம் அமைதி. வெள்ளைக்காரர்கள் சாகர்டெல்லுக்கே திரும்பினார்கள். ரோஹித் 'குட்' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினான். சங்கரி அண்ணனுக்குப் போன் செய்து, "ஏப்ரல்ல பர்மனென்ட்டுண்ணா" என்று சொல்லியே விட்டாள்.

பிப்ரவரி வெட்டு சனிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். எல்லம்மாள் வெள்ளிக்கிழமையே வெட்டிவிட்டாள்.

நிஜக் காய் மூட்டையோடு சனிக்கிழமை ரவிச்சந்திரன் போனபோது, தோப்பில் கூட்டம். நடுவில் எல்லம்மாள், இரண்டாகப் பிளந்த தெர்மாகோல் தேங்காயோடு. பக்கத்தில் ஊராட்சித் தலைவி சகுந்தலா.

"பாருங்கம்மா," என்றாள் எல்லம்மாள். "உள்ள தண்ணி இல்ல, பருப்பு இல்ல. வெள்ள வெளேர்னு உருண்ட உருண்டையா உதிருது. என்னா நோயின்னே தெரியல."

"தொத்து நோயா இருந்தா?" என்றாள் சகுந்தலா.

"மத்த நாப்பது மரத்துக்கும் பரவிடும். அப்புறம் ஊரே பேஜாராயிடும்."

ரவிச்சந்திரன் குறுக்கே விழுந்தான். "நோயெல்லாம் இல்லம்மா! நல்ல மரம்! இந்தா, இதே மரத்துக் காய்தான் இதுவும்." மூட்டையை அவிழ்த்துக் கொட்டினான்.

எல்லம்மாள் ஒரு காயை எடுத்தாள், தட்டினாள், திருப்பினாள். "ஒரே மரத்துல பாதி காயி, பாதி பஞ்சு. முத்தின நோயிதான்."

நோய் கண்ட மரத்தை வெட்டிவிடுவது ஊராட்சி வழக்கம். மார்ச் முப்பது என்று தேதி குறித்தார்கள். இடைப்பட்ட நாட்களில் ரவிச்சந்திரன் மருந்தடித்தான். வேரே இல்லாத மரத்துக்கு வேப்பம் பிண்ணாக்கு வைத்தான். எல்லம்மாள் வழியில் பார்க்கும்போதெல்லாம், "நாப்பது காயி எந்த மூலைக்கு நைனா?" என்று பெருமூச்சு விட்டாள். அவன் அந்தப் பெருமூச்சை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டான்.

மார்ச் முப்பது. காலை பதினோரு மணி.

மும்பைத் தலைமையகத்திலிருந்து இரண்டு பேரை அழைத்துக்கொண்டு, 'கரையிலேயே சிறந்த சைட்'டைக் காட்ட ரோஹித் வந்துகொண்டிருந்தான். அவன் கார் தோப்புக்குள் திரும்பிய அதே நேரம், எல்லம்மாள் சாக்குப் பையிலிருந்து ரம்பத்தை எடுத்து முனிசாமியிடம் கொடுத்தாள். பாதிப் பல் உதிர்ந்த, துருப்பிடித்த ரம்பம்.

"இன்னா நைனா, ஏதாச்சும் சொல்றியா? வெட்டட்டுமா?"

ரவிச்சந்திரன் திரும்பிக் காரைப் பார்த்தான். முனிசாமி ரம்பத்தைத் தண்டில் வைத்தான். '41'க்கு சற்றுக் கீழே. சரியாக அந்த இடத்தில்தான் உள்ளே மின்சாரக் கேபிள் போகிறது.

ஆறு வருடம் ஒரு பக்கம். முனிசாமி ஒரு பக்கம்.

"முனிசாமி, கைய எடு!" ரவிச்சந்திரன் பாய்ந்து அவனைக் கட்டிப் பிடித்து இழுத்தான். "உள்ள கரண்ட் போகுதுய்யா! செத்துடுவ! அது மரம் இல்ல! டவரு! செல் டவரு!"

எல்லம்மாள் ரவிச்சந்திரனைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன பார்வை என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

ரோஹித் காரிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து வந்து, ரவிச்சந்திரனின் தோளில் கையைப் போட்டான். மும்பைக்காரர்களைப் பார்த்துச் சிரித்தான். ஊர்க்காரர்களைப் பார்த்தும் அதே சிரிப்பு.

"பாவம். ஓவர் டென்ஷன். ஆறு மாசமாவே ஒரு மாதிரிதான் இருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இது மரம்தான்."

"மரம்தான்," என்றாள் சகுந்தலா உடனே.

"பின்ன? மரந்தான்," என்றது கூட்டம்.

"ஏறி எறங்குனவன் நானு. எனக்குத் தெரியாதா? மரமேதான்," என்றான் முனிசாமி, உயிரைக் காப்பாற்றியவனின் முகத்தைப் பார்க்காமல்.

"ஒவ்வொரு காய்வெட்டுக்கும் எண்பது காய் நாங்களே தர்றோம்," என்றான் ரோஹித். "மரத்த விட்டுடுங்க."

"எண்பதா? அப்ப நோயி தேறிடும்," என்று எல்லம்மாள் ரம்பத்தைச் சாக்கில் சுருட்டினாள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி சொன்னபடி ரவிச்சந்திரனுக்கு ஆர்டர் வந்தது. 'தங்கள் மனநலத்தைக் கருதி ஒப்பந்தம் இத்துடன் முடித்துக்கொள்ளப்படுகிறது.' சங்கரி அதை இரண்டு முறை படித்தாள். போன் மணி அடித்தது. அணுபுரம். இருவரும் அது ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கொட்டகைச் சாவியை ஒப்படைக்கத் தோப்புக்கு வந்தான். அவன் இடத்துக்கு வரப்போகிறவன் மோகன், நேற்று வரை ரிங்கோவில் இருந்தவன். பர்மனென்ட் தருகிறோம் என்று பேசியே இழுத்திருந்தார்கள். அவன் இன்னும் வந்து சேரவில்லை. ரவிச்சந்திரன் '41'க்குக் கீழே, பிளாஸ்டிக் மட்டைகளின் நிழலில் உட்கார்ந்தான்.

எல்லம்மாள் ஓர் இளநீரைச் சீவி நீட்டினாள். நாற்பது மரங்களில் ஏதோ ஒன்றின் காய். அவன் வேண்டாம் என்றான். கையில் திணித்தாள். குடித்தான்.

"அன்னிக்கு இன்னும் இருபது காயி சேத்துத் தரேன்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். வாயத் தொறந்தியே தவிர அதச் சொல்லல," என்றாள்.

தூரத்தில் மோகனின் பைக் வந்துகொண்டிருந்தது. பின்னால் டீசல் கேன். எல்லம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ரவிச்சந்திரனின் காதருகே குனிந்தாள்.

"எங்களுக்குத் தெரியும்னு அந்தப் புது சாராண்ட மட்டும் சொல்லிடாத, நைனா. மரத்துக்கு எதுக்கு ஜெனரேட்டருன்னு நாங்க என்னிக்காச்சும் உன்னக் கேட்டோமா?"