சாமி அறை வரைக்கும் வயர்லெஸ்

நாரணாபுரம்,
23-11-2007, வெள்ளிக்கிழமை, மாலை ஆறே கால்.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை மாரிக்கண்ணன் அவர்களுக்கு மாமனார் சோணைமுத்து எழுதுவது. இங்கு நானும், உங்கள் அத்தை மாடத்தியும், இன்று மாலை நாலு ஐம்பத்திரண்டிலிருந்து உங்கள் லேப்டாப்பின் வயர்லெஸ் கார்டும் நல்ல சுகம். அங்கு ஜெர்மனிக் குளிரில் நீங்களும், ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும் என் மகள் பாண்டிச்செல்வியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஓடிவிட்டது மாப்பிள்ளை! லினக்ஸில் அந்தக் கார்டு ஓடிவிட்டது! நீங்கள் ஆபீஸிலிருந்து வந்ததும் செல்வி சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது கடைசி முப்பத்தெட்டு நிமிஷம்தான். அதற்கு முந்தைய பதினொரு நாளும் என் வாயால் சொன்னால்தான் உண்டு. இன்டர்நெட் ஓடுகிற வீட்டிலிருந்து மாமா எதற்குத் தபால் எழுதுகிறார் என்று நினைக்க வேண்டாம். மெஷினில் தமிழ் அடிக்க இன்னும் எனக்கு வரவில்லை. தவிர, முக்கியமான சம்பவம் எதுவானாலும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு நடந்த மாதிரியே இருக்கும். வெடி கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாகப் போர்மேனாக இருப்பவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

நீங்கள் பெங்களூர் நண்பர் மூலம் லேப்டாப்பை அனுப்பியபோது என்ன எழுதினீர்கள்? "மாமா, வைரஸ் தொல்லை வேண்டாம் என்று லினக்ஸ் போட்டிருக்கிறேன். வயர்லெஸ் கார்டு மட்டும் அதில் கொஞ்சம் தகராறு செய்யும். என் பிரிண்டரும் லினக்ஸில் ஓடவில்லை, அதை நண்பர் வீட்டிலேயே போட்டுவிட்டேன். டிசம்பரில் நண்பர் வந்து கார்டைச் சரி செய்வார், அதுவரை வயரைச் செருகிப் பேசுங்கள்" என்றுதானே? டிசம்பர் வரை எப்படி மாப்பிள்ளை பொறுப்பது? நாங்கள் பார்சலில் அனுப்பிய வளையலை, இந்த வெள்ளிக்கிழமை நாலரையிலிருந்து ஐந்தரை நல்ல நேரத்தில், அம்மா கண் முன்னால் போட்டுக்கொள்வதாகச் செல்வி சொல்லிவிட்டாள். மோடம் இருப்பது எங்கள் முன் அறையில். வயர் நீளம் இரண்டு முழம். முன் அறையில் நான் இருப்பேன், தெருவில் போகிறவர் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி அம்மாவிடம் கேட்கிறது எல்லாவற்றையும் அப்பன் முன்னால் கேட்க முடியுமா? அதனால் லேப்டாப் உள்ளே சாமி அறைக்கு வந்தாக வேண்டும். உங்கள் அத்தை, "நீட்டு வயரு ஒண்ணு வாங்கிப் போட்ருவமே" என்றாள். வயரா? நிலைப்படியைத் தாண்டித் தரையில் வயரா? கம்பெனியில் வெடிமருந்து அறை வாசலில் ஒரு சணல் கயிறு கிடந்ததற்கே மெமோ கொடுத்தவன் நான். என் வீட்டில் கால் இடறுகிற மாதிரி வயர் ஓடாது என்று சொல்லிவிட்டேன். தீபாவளி முடிந்து கம்பெனியும் ஒரு மாதம் லீவு. வேலையை நானே கையில் எடுத்துக்கொண்டேன்.

புது மெஷின் எது வந்தாலும் முதல் நாள் சோதனைதான், தொழில் நடத்துவது இரண்டாம் நாள்தான். மேஜை பக்கத்தில் மணல் வாளி வைத்தேன். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக மருந்து அறை வாசலில் இருக்குமே, அதே மாதிரி செம்புத் தகடு ஒன்றை முன் அறை நிலையில் அடித்தேன், உங்கள் அத்தை காபி கொண்டுவந்தாலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொன்னேன். அவள் ஒரு கையில் காபியும் மறு கையில் பலகாரமுமாக வந்து முழங்கையால் தொட்டாள், அதுவும் செல்லும். பிறகு லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பட்டன், துளை, மூடி எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் ஏற்றினேன். எதற்கென்று தெரியாத ஸ்விட்ச் எது இருந்தாலும் ஆஃப் செய்து, பிரஸ்ஸிலிருந்து வாங்கி வைத்திருக்கிற சிவப்புச் சீட்டை மேலே ஒட்டிக் கையெழுத்துப் போடுவது எங்கள் கம்பெனி வழக்கம், அதையும் முறையாகச் செய்தேன். இப்படிச் செய்ததால்தான் முப்பத்தோரு வருஷத்தில் என் ஷெட்டில் ஒரு ஆளுக்கு ஒரு விரல் நகம்கூடக் கருகவில்லை.

இரண்டாம் நாள் நீங்கள் அனுப்பிய ஆறு பக்கக் குறிப்பை விரித்தேன். கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது, கட்டளை அடித்தேன், பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன் அடிக்கிறேன், திரையில் ஒரு புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, கவிழ்த்துத் தட்டி, மறுபடி அடித்து, ஒரு முழு நாளும் போயிற்று. அடுத்த தெருவில் வெடிக்கு லேபிள் டிசைன் செய்கிற முனியராஜ் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, லினக்ஸ்ல பாஸ்வேர்டு கண்ணுக்குத் தெரியாது, நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டு எண்டரத் தட்டுங்க" என்றான். எனக்கு லினக்ஸ் மேல் மரியாதை வந்ததே அப்போதுதான். ரகசியம் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

அடுத்து டிரைவர். கார்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று பேசுகிற ஆள் அதுதான் என்றும், அந்தக் கார்டைச் செய்த கம்பெனி விண்டோஸுக்கு மட்டும் ஆள் போட்டுவிட்டு லினக்ஸை விட்டுவிட்டது என்றும் முனியராஜ் விளக்கினான். விண்டோஸ் டிரைவரையே என்டிஸ்ராப்பர் என்கிற உறைக்குள் சுருட்டி லினக்ஸ் கையில் கொடுக்க வேண்டுமாம். இது நம்ம தொழில் மாப்பிள்ளை! வெடிக் குழாய்க்குப் பேப்பர் சுற்றுவதுபோல ஒரே நாளில் சுற்றிவிட்டேன். ஆனால் லினக்ஸுக்குள் ஏற்கெனவே ஒரு அரைகுறை டிரைவர் அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நான் சேர்த்தேன், ஆனால் ஒரு வரி தள்ளிச் சேர்த்துவிட்டேன். வயர்லெஸ் வரவில்லை, அதோடு இருந்த வயர் இன்டர்நெட்டும் போனது. எந்த வரி என்று கண்டுபிடிக்க இரண்டு நாள். நல்லவேளை, என்ன கட்டளை, எத்தனை மணிக்கு, அடித்தவர் யார், பக்கத்தில் இருந்தவர் யார் என்று ரிஜிஸ்டர் போட்டிருந்தேன். பார்த்துப் பார்த்துப் பின்னால் வந்து மீட்டேன்.

இந்த நாட்களில் செல்வி தினமும் டெலிபோனில் கூப்பிட்டாள். எனக்கு அவளிடம் ஒரு வார்த்தை பேசக்கூட நேரமில்லை. ரிசீவரை எடுக்காமலே, "நீயே பேசு புள்ள, எனக்கு வேல கெடக்கு" என்று உங்கள் அத்தையிடம் சொல்லிவிடுவேன். வழக்கமாக நான்தான் எடுத்து, மழை, குளிர், விலைவாசி எல்லாம் விசாரித்து, கடைசியில் அவள் அம்மாவிடம் கொடுப்பேன், அதற்குள் அவளுடைய டெலிபோன் கார்டில் நேரம் தீர்ந்துவிடும். இந்தத் தடவை அவர்கள் என்ன பேசினார்கள் என்றே எனக்குத் தெரியாது. பக்கத்தில் சரவெடி போட்டிருந்தாலும் என் காதில் விழுந்திருக்காது. மகளிடம் அப்பா வருத்தம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எட்டாம் நாள் முனியராஜ் எங்கள் கஷ்டத்தை ஆங்கிலத்தில் எழுதி, லினக்ஸ்காரர்கள் கூடுகிற ஒரு இணையப் பக்கத்தில் போட்டான். ஒரு மணி நேரத்தில் பிரேசிலிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்! பிரேசில் எங்கே, நாரணாபுரம் எங்கே! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் கேட்டது என்ன தெரியுமா? "கார்டுக்கு என்று லேப்டாப்பில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஆனில் இருக்கிறதா?" முனியராஜ் அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னபோது உங்கள் அத்தை டீயோடு பக்கத்தில் நின்றாள். எனக்கு வந்ததே கோபம். ஒரு போர்மேனிடம் கேட்கிற கேள்வியா இது? "தேவையான ஸ்விட்ச் எதுவும் எங்கள் வீட்டில் ஆஃபில் இருக்காது ஐயா" என்று மரியாதையாகவே எழுதச் சொன்னேன். மனிதர் அதற்கப்புறம் எழுதவே இல்லை.

ஒன்பது, பத்து இரண்டு நாளும் டிரைவரைக் கழற்றி மாட்டினேன். கார்டு இருக்கிறது என்கிறது, டிரைவர் இருக்கிறது என்கிறது, லைட் மட்டும் எரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது. நாலு மணிக்கே சாமி அறையில் சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சாதம், மதினி ராமுத்தாய், எதிர்வீட்டுப் பானுப்பிரியா என்று பெண்கள் கூடிவிட்டார்கள். அங்கே செல்வி வளையலைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நாலரை ஆயிற்று. அடித்தேன், இல்லை. நாலே முக்கால். அடித்தேன், இல்லை. மாப்பிள்ளை, உங்களிடம் மறைப்பானேன். ஒரு ஷெட்டையே கட்டி ஆள்கிறவனுக்கு மகள் கைக்கு வளையல் ஏறுவதைப் பெற்றவளுக்குக் காட்ட வக்கில்லை என்று ஆகிவிட்டது. "என்னால ஆகல புள்ள. மாப்பிள்ளைக்கே திருப்பி அனுப்பிருவோம்" என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவினேன்.

திரும்பி வந்தேன். செம்புத் தகட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தொட்டேன். அதே கட்டளைகளை ஒரு எழுத்துப் பிசகாமல் மறுபடி அடித்தேன். நீல லைட் எரிந்தது! எரிந்தது மாப்பிள்ளை! எங்கள் வீட்டு மோடத்தின் பெயர் திரையில் வந்தது! நான் போட்ட சத்தத்தில் ராமுத்தாய் மதினி மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்தி, வயர் ஒன்றும் இல்லாமல், நிலைப்படி தாண்டிச் சாமி அறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். திரையில் என் மகள்! உடனே கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்று வளையல் சத்தத்தையும் சிரிப்பையும் கேட்டேன். நடுவில் ஒரு நிமிஷம் கூப்பிட்டுக் காட்டினார்கள். இரண்டு கையும் நிறைய வளையலை ஆட்டிக்கொண்டு, "அப்பா, எளச்சுப் போயிட்டீகளே" என்றாள். அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

ஆகையால் உங்கள் நண்பர் டிசம்பரில் சிரமப்பட்டு வர வேண்டாம். பெங்களூரில் படித்தவர்களுக்கு அடங்காத கார்டு பதினொரு நாளில் நாரணாபுரத்தில் அடங்கியது என்று மட்டும் அவரிடம் தெரிவித்தால் போதும். கட்டளைகள் எல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கின்றன, வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன். நீங்களும் செல்வியும், வரப்போகிற சின்ன முதலாளியோ முதலாளியம்மாவோ, குறைவில்லாமல் நூறு தீபாவளி காண வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
பெ. சோணைமுத்து, போர்மேன்.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை காலை. கவரை ஒட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். நான் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்ததாக எழுதிய இடம் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் காபி டம்ளர் கவிழ்ந்தது. "அந்தச் செகப்புச் சீட்ட நாந்தேன் கிளிச்சேன்" என்றாள். "எந்தச் சீட்டு?" "மொத நா முன் ஓரத்துல சின்ன ஸ்விட்ச அமத்திப்புட்டு ஒட்டுனீகளே, அதேன். அந்தப் பிரேசில்காரரு கேட்ட அன்னைக்கே ஓரத்த நிமித்திப் பாத்தேன். அடியில ஏரியல் படம் போட்ருந்துச்சு." நான் முகம் கழுவப் போனபோது சீட்டைக் கிழித்து ஆன் செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாளாம். ரிஜிஸ்டரில் ஏறாத ஒரே காரியம் இதுதான். "எட்டாம் நாளே தெரியும்னா ஏன் புள்ள சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா சரியாப் போயிருக்கும்ல!" என்றாள். "சீசன் முடிஞ்சு வீட்ல இருக்கீக. எம்மக போன் போட்டா என்னைக்காச்சும் என்னைய முளுசாப் பேச விட்டீகளா? இந்தப் பதினோரு நாளும் நீயே பேசு நீயே பேசுன்னீக. கட்டிக் குடுத்த நாள்ல இருந்து அவ எங்கிட்ட அம்புட்டுப் பேசுனதில்ல." "பெறகு நேத்து ஏன் ஆன் பண்ணுன?" என்றேன். கவிழ்ந்த காபியைத் துடைத்து முடித்தாள். பிறகு, "நீங்க கொல்லையில நின்னு களுவுனது மூஞ்சிய மட்டும்னா நானும் சும்மா இருந்திருப்பேன்" என்றாள்.

கடிதத்தைத் திருத்தி எழுத மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன். பிரேசில்காரரிடம் மன்னிப்புக் கேட்டு எழுத முனியராஜிடம் சொல்லியிருக்கிறேன். கம்பெனி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. லினக்ஸில் ஓடாத பிரிண்டர் ஒன்று பெங்களூரில் கிடப்பதாக எழுதியிருந்தீர்களே, அதை உடனே அனுப்பி வைக்கச் சொல்லி உங்கள் அத்தை ஒரே பிடியாக நிற்கிறாள். அதில் ஸ்விட்ச் ஏதாவது இருந்தால், எங்கே இருக்கிறது என்று எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள்.