ராகு காலத்துல ஒரு கையெழுத்து

போன வருஷம் ஒரு வாரம் முழுக்க எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காலேஜ் ஃபாரத்துல அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்.

அவ்வளவுதான்!

எங்க காலேஜ் யாங்கோன்ல ஒரு சின்ன காலேஜ். முதல் ரெண்டு வருஷம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கணும். சரித்திரம், உயிரியல், கவிதை, கணக்கு. கல்யாணப் பந்தியில இலையில விழுற மாதிரி விழுந்துகிட்டே இருக்கும். அப்புறம் எதை முழுசாப் படிக்கப் போறேன்னு எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பேரு மேஜர் பிளான்.

நான் ஓவியம்னு எழுதினேன். டிராயிங், சிற்பம், கலை வரலாறு, கடைசி வருஷம் ஒரு கண்காட்சின்னு மீதி ரெண்டு வருஷத்துக்கும் கட்டம் போட்டு, கலர் பென்சில்ல வேற நிரப்பினேன்.

கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும். ஓவிய வகுப்புல பன்னிரண்டே பேருக்குத்தான் இடம். ஃபாரம் வரலைன்னா என் இடம் வேற யாருக்கோ போயிடும்.

எங்க அப்பா அலோன் துறைமுகத்துல ஒரு கிடங்குக்கு மேஸ்திரி. அவர் உலகத்துல ரெண்டே விதமான பிள்ளைங்கதான். கம்ப்யூட்டர் படிச்சு சிங்கப்பூர் போன பிள்ளைங்க, படிக்காம வீட்டுல இருக்குற பிள்ளைங்க.

"படம் வரைஞ்சுக்கோ மலரு, நான் வேண்டாங்கல. ஆனா கூட ஒரு கம்ப்யூட்டர் வகுப்பும் எடு. பிடிச்சுப் போச்சுன்னா மேஜரை மாத்திக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத ஃபாரத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன்"னு சொல்லிட்டாரு.

எனக்குக் கம்ப்யூட்டர்னாலே ஆகாது. எப்படியாவது அதைக் கழட்டி விடணும். அப்பதான் என் மூளை வேலை செஞ்சுது. என் மூளை வேலை செய்யுறது எப்பவுமே ஆபத்து.

அப்பா ராகு காலத்துல செருப்புக்கூட வாங்கமாட்டாரு. ஒரு தடவை தன்லியின்ங்குற ஊருக்குப் போற பஸ்ஸுல இறங்க வேண்டிய இடம் வந்தும், ராகு காலம் முடியட்டும்னு இன்னும் ரெண்டு ஸ்டாப் போயி நடந்து வந்தவரு.

கோயில்ல குடுத்த தமிழ்க் காலண்டரை எடுத்தேன். நான் பேசுறதுதான் தமிழ், படிக்குறது எழுத்துக்கூட்டித்தான். "செ... வ்... வாய். மூணு... டு... நாலரை." நல்லவேளை, எண்ணுக்கெல்லாம் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் வகுப்பு ரெண்டு நேரத்துல இருந்துச்சு. ஒண்ணு திங்கள் மத்தியானம் ஒரு மணி. இன்னொண்ணு செவ்வாய் மூணுலேர்ந்து நாலரை. சொல்லி வச்ச மாதிரி! காலேஜ்ல சயாமாகிட்ட, அதான் என் டீச்சர்கிட்ட, போய் என்னைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்திக்கிட்டேன். டிராயிங்கை மட்டும் அப்பாவுக்குப் பிடிச்ச நல்ல நேரத்துல, வியாழன் பத்தரை மணிக்குப் போட்டேன்.

நாங்க இருக்குறது பசுந்தாங்ல ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேலை முடிஞ்சு அப்பா கீழே டீக்கடையில உக்காந்திருந்தாரு. பால்கனியில தொங்குற கயிறு இருக்கே, பேப்பரும் காய்கறியும் ஏத்துறதுக்கு, அதுல ஃபாரத்தைக் கிளிப் போட்டு இறக்கினேன்.

"அப்பா, பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க!"

கயிறு மேல வரல. அப்பா வந்தாரு. ஆறு மாடியும் மூச்சிரைக்க ஏறி.

"மலரு! செவ்வாய் மூணு மணியா! சுத்தமான ராகு காலம்!"

"ஐயையோ!" நெஞ்சுல கை வச்சேன். "நான் கவனிக்கவே இல்லையேப்பா!"

"வேற நேரத்துக்கு மாத்து."

"இன்னொரு வகுப்பு நிறைஞ்சு போச்சுப்பா. இடமே இல்லை."

அப்பா ஃபாரத்தைப் பாத்தாரு. காலண்டரைப் பாத்தாரு. பெருமூச்சு விட்டாரு. "சரி, கம்ப்யூட்டரை அடிச்சுடு. ராகு காலத்துல தொடங்குறதுக்குத் தொடங்காமலே இருக்கலாம்"னு சொல்லி பேனா மூடியைக் கழட்டினாரு.

கழட்டினாரு! பேனா பேப்பர்லேர்ந்து ஒரு விரல்கடை தூரத்துல இருந்துச்சு!

அடுக்களையிலேர்ந்து அம்மா வந்தாங்க.

எங்க அம்மா பர்மாக்காரங்க. பேரு சான் சான். கல்யாணத்துக்கு அப்புறம்தான் தமிழ் கத்துக்கிட்டாங்க. அதுல சண்டைக்கு வேண்டிய தமிழ் மட்டும் சுத்தமா வரும்.

"கோ ராஜு, தமீ என்னைக்குப் பொறந்தா?" கோ, ஊ எல்லாம் பர்மீஸ்ல பேருக்கு முன்னாடி சேர்க்குற மரியாதை. தமீன்னா மகள், நான்தான்.

"புதன்கிழமை."

"புதன் காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?"

"மத்தியானத்துக்கு மேல"ன்னு இழுத்தாரு அப்பா. நான் இதை மறந்தே போயிட்டேன்! பர்மாக்காரங்களுக்கு வாரத்துல எட்டு நாள். புதன் மத்தியானத்துக்கு மேல தனி நாள். அது ராகுவோட நாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா என்னை புத்தர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய், ராகு மூலையில நிக்க வச்சுத் தண்ணி ஊத்தச் சொல்லுவாங்க. பத்தொன்பது வருஷமா ஊத்தியிருக்கேன்!

"இவ ராகு வீட்டுப் பொண்ணு. ராகு நேரம் இவளோட சொந்த நேரம். கம்ப்யூட்டர் அதுலதான் நல்லா வரும்"னாங்க அம்மா.

"சான் சான், உங்க ராகு வேற, எங்க ராகு வேற."

"வானத்துல எத்தனை ராகு இருக்கு?"

அப்பா பேனாவை மூடிட்டாரு.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ராகு ஒண்ணா ரெண்டான்னு பஞ்சாயத்து. கடைசியில அப்பா சொன்னாரு. "நாளைக்கு நேரா காலேஜுக்கே போவோம். நானே கேட்டு நேரத்தை மாத்துறேன்."

"நீங்க எதுக்குப்பா சிரமப்பட்டு..."

"என் பொண்ணுக்கு நான் சிரமப்படாம?"

சொந்தக் காசுல சூனியம் வச்சுக்குறதுன்னா இதுதான்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குதுன்னு பத்துக்கே வீட்டை விட்டு இறங்கிட்டாரு அப்பா. நெரிசல்ல பஸ் ஊர்ந்து, சயாமா அறைக்குள்ள அம்மாவும் சேர்ந்து நாங்க மூணு பேரும் நுழையும்போது மணி பதினொண்ணே கால்.

அப்பா கும்பிட்டுட்டு பர்மீஸ்ல கேட்டாரு. "சயாமா, அந்தத் திங்கள்கிழமை கம்ப்யூட்டர் வகுப்புல என் பொண்ணுக்கு எப்படியாவது ஒரு இடம் குடுக்கணும்."

சயாமா லிஸ்ட்டைப் பாத்தாங்க. "தாராளமா, ஊ ராஜு. அதுல பாதி வகுப்பு காலியாத்தான் இருக்கு. முதல்ல இவளை அங்கதான் போட்டிருந்தேன். இவதான் வந்து செவ்வாய் மூணு மணி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

"ஏன்னு சொன்னாளா?"

"எங்க அப்பா நேரம் பாப்பாருன்னு சொன்னா."

நான் கூரையில ஓடுற ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"மலரு, ராகு காலம் உனக்கு எப்படித் தெரியும்?"

"காலண்டர் பாத்தேன்பா."

"தமிழ்க் காலண்டரா? நீயே படிச்சியா?"

"எழுத்துக்கூட்டிப்பா."

திட்டுவாருன்னு தோளைக் குறுக்கிக்கிட்டேன். திட்டல. "தமிழ் படி படின்னு இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு எழுத்து படிக்கல. இந்தப் படம் வரையுறதுக்காகப் படிச்சியா? அவ்வளவு ஆசையா?"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தலையை மட்டும் ஆட்டினேன்.

"குடு ஃபாரத்தை. கம்ப்யூட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

பேனா மூடியைக் கழட்டினாரு. கண்ணு தானா சுவர்க் கடிகாரத்துக்குப் போச்சு, கை அப்படியே நின்னுச்சு.

பதினொண்ணு இருபது!

"வெள்ளி பத்தரை டு பன்னிரண்டு"ன்னு முணுமுணுத்தாரு. "சயாமா, பன்னிரண்டு அடிச்சு ஒரு நிமிஷத்துல போட்டுத் தர்றேன்."

"ஆபீஸ் பன்னிரண்டுக்கு மூடிடுவாங்களே, ஊ ராஜு."

அப்பா நெத்தியில வேர்வை. என் ஓவிய வாழ்க்கை அந்தப் பேனா முனையில தொங்குது, அவர் பொண்ணோட நல்ல காரியத்தை ராகு காலத்துல தொடங்க அவருக்கு மனசு வரல. பாவமா இருந்துச்சு. நாலு நிமிஷம் போச்சு, அஞ்சு நிமிஷம் போச்சு.

அம்மா பேனாவை அவர் கையிலேர்ந்து உருவினாங்க.

"உங்க நேரம் வர்ற வரைக்கும் நீங்க உக்காருங்க, கோ ராஜு. இது எங்க நேரம்"னு சொல்லி, கோட்டு மேல வட்டம் வட்டமா பர்மீஸ்ல கையெழுத்துப் போட்டாங்க. போட்டுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"கம்ப்யூட்டரை அடிக்காதே. செவ்வாய் மூணு மணி அப்படியே இருக்கட்டும்."

ஃபாரத்தைத் தூக்கிக்கிட்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

போன மாசம் மார்க் வந்துச்சு. கம்ப்யூட்டர்ல வகுப்புலயே நான்தான் முதல். அம்மா அதை மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டு பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றவங்ககிட்ட எல்லாம் காட்டுறாங்க.

டிராயிங்ல எவ்வளவுன்னு கேக்காதீங்க. அது நல்ல நேரத்துல நடக்குற வகுப்பு.