இங்க்ஜெட்டும் ஒரு ஜெட்தானே!

கயலு, முகிலா,

நீங்கள் ரெண்டு பேரும் வளர்ந்து, சொந்தக் காசில் கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கும் காலம் வரும். அன்றைக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாமானைப் பற்றி ஒன்றுமே தெரியாதவன் அவ்வளவு சுலபத்தில் ஏமாற மாட்டான். நாலு பேரைக் கேட்பான், தப்பித்துக்கொள்வான். அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெரிந்தவன் இருக்கிறானே, அவன்தான் மொத்தமாக மாட்டுவான். எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரிந்திருந்தது.

ஜெட்.

உங்கள் நைனா பள்ளிக்கூடத்தில் படித்தது பத்தாவது வரைக்கும்தான். மிச்சப் படிப்பெல்லாம் கிணற்றிலும் போர்க் குழாயிலும். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரைக்கும் எந்த வயல், கொல்லையில் தண்ணீர் உறிஞ்சும் ஜெட் மோட்டார் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பைப்புக்குள் காற்று புகுந்திருக்கும். 'ஏர் பிடிச்சிடுச்சு' என்போம். மேலே தண்ணீர் ஊற்றியோ, வாயை வைத்து உறிஞ்சியோ அந்தக் காற்றை வெளியேற்றினால் கொட்டும் பாருங்கள்! அந்த நேரத்தில் கொல்லைக்காரர் என்னை ஒரு டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். (உங்கள் அம்மா அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.)

கயலு, உனக்கு அறிவியல் கண்காட்சி வந்தது. கோட்டை மலையிலும் பனமலை ஏரியிலும் நீ பள்ளிக்கூடத்துக் கேமராவில் எடுத்த பறவைப் படங்களைக் கலரில் அச்சடித்து ஒட்ட வேண்டும். இரண்டு மாதமாக வெயிலில் அலைந்து எடுத்த படங்கள். பஜாரில் அச்சடித்துக்கொண்டு வரலாம் என்று நான் கிளம்பியபோது உங்கள் அம்மா தடுத்தாள்.

"மாசம் பொறந்தா ப்ராஜெக்ட்டு, ப்ராஜெக்ட்டுன்னு ஜெராக்ஸ் கடைக்கே கொட்டி அழுவுறோம். ஒரு பிரிண்டரையே வாங்கிப் போட்டா இன்னா?" என்றாள். "ஆனா ஒண்ணு. மாடு புடிக்கிறப்ப பால மட்டும் கேட்டுட்டு வராதீங்க. தீனி எவ்ளோ திங்கும்னும் கேளுங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கண்காட்சி திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கயலும் பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடையை நடத்துவது தேவகி என்கிற தங்கச்சி. அவர்கள் வீட்டு போருக்கு நான்தான் மோட்டார் இறக்கினேன் என்பதால் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டது.

"விலையும் கம்மியா இருக்கணும், ஓட்டுற செலவும் கம்மியா இருக்கணும்" என்றேன்.

"எல்லாரும் அதத்தாண்ணா கேக்குறாங்க" என்று ஒரு சின்ன பிரிண்டரைக் காட்டியது. "இது விலை சல்லிசு. ஆனா மை டப்பா மாத்திக்கினே இருக்கணும். ஒரு டப்பாக்கு நூறு பக்கம் வரும்."

"நூறு பக்கம்னா நூறு தாளா, அம்பது தாளா? தாளுக்கு ரெண்டு பக்கம் இருக்குதே?"

"ஒரு பக்கம் அடிச்சா நூறு தாளுண்ணா. கலர் போட்டீங்கன்னா பக்கம் கொறையும்."

"பக்கம் எப்படிம்மா கொறையும்? தாளு அதே தாளுதானே?"

தேவகி கயலைப் பார்த்தது. கயல் ஃபேனைப் பார்த்தாள்.

அடுத்தது லேசர். நல்லா உழைக்குமாம், ஆனால் கறுப்பு மட்டும்தானாம். பச்சைக்கிளியைக் கறுப்பாக அடித்து என்ன பண்ணுவது? மூன்றாவது, உள்ளுக்குள்ளேயே மை டேங்க் வைத்தது. விலை கூட. ஆனால் ஒருமுறை மை ஊற்றினால் மாசக்கணக்கில் ஓடும் என்றது. தீனி கம்மி தின்னும் மாடு அதுதான். கயல் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"நைனா, மூணாவது. மூணாவது நைனா."

நானும் தலையாட்டத்தான் போனேன். அதற்குள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இதுக்கு இன்னா பேரும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"இங்க்ஜெட்டுண்ணா."

அவ்வளவுதான். காலையிலிருந்து காணாமல் போயிருந்த என் மரியாதை ஓடி வந்து ஒட்டிக்கொண்டது. "அட, ஜெட்டா! இத மொதல்லியே சொல்லக்கூடாதா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க, இதுல உறிஞ்சுற பைப்பு எங்க இருக்குது?"

"அதெல்லாம் உள்ள இருக்குதுண்ணா. வெளிய தெரியாது."

பைப் தெரியாத மெஷினை எப்படி நம்புவது? அப்போதுதான் கீழ்த்தட்டில் ஒன்று கண்ணில் பட்டது. முதலில் காட்டிய அதே சின்ன பிரிண்டர். ஆனால் பக்கத்தில் கண்ணாடி மாதிரி நாலு குட்டி டேங்க். அதிலிருந்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு டியூப் உள்ளே போகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு ஜெட் செட்டை அப்படியே சுருக்கித் தீப்பெட்டியில் வைத்த மாதிரி இருந்தது!

"அது வேணாண்ணா" என்று தேவகி பதறியது. "என் வீட்டுக்காரரு வெளிய டேங்க் கட்டி ட்ரையல் பார்த்தது. ஓடும், இல்லன்னு சொல்லல. ஆனா அதோட மாரடிக்க முடியாது."

"நீ குடும்மா. ஜெட்டுன்னா எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒண்ணே ஒண்ணு. டேங்கு, பிரிண்டர் வச்சிருக்கிற மட்டத்துலயே இருக்கணும். மேல ஏத்தாதீங்க. வண்டியில போறப்ப சாய்க்காதீங்க."

டேங்கை மேலே ஏற்றக் கூடாதாம்! ஊர் பூரா மொட்டை மாடியில் டேங்க் ஏற்றிவைக்கிற என்னிடம்! சிரித்துக்கொண்டே வாங்கினேன். மோட்டாரைக் கட்டும் அதே கயிற்றால், மோட்டாரைக் கட்டும் அதே மாதிரி, வண்டியில் நிறுத்தி வைக்காமல் படுக்கப் போட்டுக் கட்டினேன். வீடு வரைக்கும் கயல் அந்தக் கயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் முதல் தாள் போனது போலவே வெளியே வந்தது. வெள்ளையாக. ரெண்டாவதும் வெள்ளை.

"கொக்கு படமா நைனா?" என்றான் முகிலன்.

"ஏர் பிடிச்சிடுச்சு" என்றேன், டாக்டர் குரலில். "இப்ப பாருங்க."

நீல டியூபைக் கழற்றினேன். வாயை வைத்தேன். பத்தடி பைப்பில் உறிஞ்சிப் பழகியவனுக்கு ஒரு முழ டியூபில் எவ்வளவு மூச்சு போட வேண்டும் என்று தெரியவில்லை. ஒரே இழுப்பில் காற்றும் வந்தது, பின்னாலேயே டேங்கும் வந்தது. சோப்புத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்துக் குடித்தால் எப்படி இருக்கும்? அந்த ருசி. (நீங்கள் யாரும் குடித்துப் பார்க்க வேண்டாம். நைனா சொன்னால் நம்புங்கள்.)

துப்பிவிட்டுத் திரும்பினேன். சத்தம் கேட்டு சமையல்கட்டிலிருந்து வந்த உங்கள் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது? ஆலகால வெஷத்தக் குடிச்ச சாமிக்குக் கழுத்துலதான் நின்னுச்சு. உங்களுக்கு வாயிலயே நின்னுடுச்சா?"

"நாக்க நீட்டு நைனா! ஒரே ஒரு வாட்டி நீட்டு!" என்று முகிலன் குதித்தான்.

ஆனால் டியூபைத் திரும்ப மாட்டினதும் நீலம் வந்துவிட்டது, அதைச் சொல்லுங்கள்! நீலம் மட்டும்தான் வந்தது. கிளி நீலம். கொக்கு நீலம். செம்போத்து, மைனா, காக்கா எல்லாம் நீலம். மீன்கொத்தி ஒன்றுதான் கொஞ்சம் மானத்தோடு வெளியே வந்தது.

மற்ற மூன்று டியூபையும் உறிஞ்ச எனக்கே மனசு வரவில்லை. அப்போதுதான் மூளை வேலை செய்தது. (வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.) பிரஷர் பத்தவில்லை! தூக்கினேன் நாலு டேங்கையும், வைத்தேன் பீரோ மேல்.

"அந்தக் கடைக்கார அக்கா ஏத்தக் கூடாதுன்னாங்களே?" என்றாள் கயல்.

"அது மாடி ஏறி டேங்கப் பார்த்திருக்குமா? நான் பார்த்திருக்கேன்."

புளியைப் போட்டு வாயைத் தேய்க்கப் பின்பக்கம் போனேன். தேய்க்கத் தேய்க்க நீலம் பல்லிடுக்கில் நன்றாகக் குடியேறியது. திரும்பி வந்து பார்த்தால் பிரிண்டர் அடிவயிற்றிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. நாலு கலரும் சேர்ந்து மேஜை, தரை, பாய் என்று வழிந்து, கயல் வாங்கி வைத்திருந்த பளபளப்புத் தாள் கட்டு முழுவதும் ஊறி வீங்கிக் கிடந்தது. பிரஷர் என்றால் அப்படி ஒரு பிரஷர்.

கயலு, அன்றைக்கு நீ அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நீ அழவில்லை. "நாளைக்குக் காலைல கண்காட்சி நைனா" என்று மட்டும் சொன்னாய்.

வண்டியை எடுத்துக்கொண்டு பஜார் முழுக்கச் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தேவகி கடையும் பூட்டு, மற்ற கடையும் பூட்டு. திறந்திருந்த ஒரே ஜெராக்ஸ் கடைக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டு, "கலரு இல்ல சார், கறுப்புதான். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

மறுநாள் காலையில் அந்த நீலப் பறவைகளையே நீ அட்டையில் ஒட்டினாய். பறவைகளின் பெயர் எழுதிய சீட்டுகளை மட்டும் ஒட்டவில்லை. அட்டை மேல் பெரிதாக எழுதினாய்: 'நிறத்தை விடு, பறவையைப் பார்.' வருகிறவர்களிடம் அலகை வைத்து, வாலை வைத்து, காலை வைத்துப் பெயர் சொல்லச் சொன்னாய். கூட்டம் உன் மேஜையில்தான். நான் பின்னால் சுவரோடு சுவராக, உதட்டை மடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது உங்கள் அம்மா போட்ட உத்தரவு.

சிறப்பு விருந்தினராக வந்த பெரிய அதிகாரி உன் அட்டை முன்னால் நின்றார். ஒரு படத்தை விரலால் தட்டி, "இது மயில். பெண் மயில்" என்றார்.

"காக்கா சார்" என்றாய் நீ.

ஒரு வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் முகம் சுருங்கியதும், நிலைமையைச் சரிக்கட்ட ஹெட்மாஸ்டர் என்னைக் காட்டி, "இவருதான் பொண்ணோட அப்பா" என்றார்.

"ஓ, நீங்கதான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களா?"

பெரிய மனிதர் கேட்கும்போது எப்படிச் சும்மா இருப்பது? "ஆமாங்க சார்" என்று வாய் நிறையச் சிரித்தேன்.

அவர் ஓரடி பின்னால் போனார். "இவருக்கு வாயில இன்னா?"

முகிலன் முந்திக்கொண்டான். "சார், இவருதான் சார் பிரிண்டரு!"

பரிசு, சோடா மாவு பொங்கும் எரிமலைக்குப் போனது. நம் எல்லோருக்கும் அது எதனால் என்று தெரியும். திரும்பி வரும்போது வண்டியில் என் முதுகுக்குப் பின்னால் நீ குலுங்குவது தெரிந்தது. அழுகிறாயோ என்று ஓரமாக நிறுத்தினேன்.

"காக்காவப் போயி, மயிலுன்றாரு நைனா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். ரோட்டில் போன ஒரு பெரியம்மா என் பல்லைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள்.

அதற்கப்புறம் அந்த மூன்றாவது பிரிண்டரைத்தான் வாங்கினோம். தேவகி சொன்னபடியே அது தீனி கம்மியாகத் தின்றுகொண்டு மூலையில் சாதுவாகக் கிடக்கிறது. அதைத் தொட எனக்கு மட்டும் அனுமதி இல்லை. வீட்டில் இன்றைக்கும் எது அடைத்துக்கொண்டாலும், பாத்திரம் தேய்க்கிற தொட்டியோ, பேனாவோ, முகிலன் மூக்கோ, உங்கள் அம்மா சொல்வது ஒன்றுதான்: "நைனாவக் கூப்புடுங்க, உறிஞ்சி வுடுவாரு." சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் என்னைப் பிரிண்டர் மாமா என்கிறார்கள்.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்வது தெரியாதது.

கண்காட்சி முடிந்து சில நாள் கழித்துத் தளவானூர் பக்கம் ஒரு கொல்லையில் மோட்டார் வேலை. சரிபண்ணி ஓட்டிவிட்டேன், தண்ணீரும் வந்தது. கொல்லைக்காரர் சாப்பிடப் போய்விட்டார். எதிரே வேலமரத்தில் ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. சூரியன் அதற்குப் பின்னால் இருந்ததால் என்ன நிறம் என்றே தெரியவில்லை, வெறும் நிழல்தான். மோட்டார் சத்தத்துக்கு அது பறக்கலாமா வேண்டாமா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் போய் மோட்டாரை நிறுத்தினேன். பிறகு வரப்பில் உட்கார்ந்து, அது தானாகப் பறந்து போகும் வரைக்கும், முதலில் அலகை, அப்புறம் வாலை, அப்புறம் காலைப் பார்த்தேன்.