கெமிக்கல் இல்லாத ஆதிமூலம்

நம் ஊர்ப்பக்கம் பாம்பைவிட ஜாக்கிரதையாகப் பார்த்து நடக்க வேண்டிய பிராணி ஒன்று இருக்கிறது. அதற்குக் கெமிக்கல் ஒழிப்பு வீரர் என்று பெயர். பாம்பு கடித்தால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொள்ளலாம். இவரிடம் மாட்டினால் அந்த ஊசியும் கெமிக்கல் என்று இரண்டு மணி நேரம் கேட்க வேண்டியிருக்கும். எங்கள் தியாகதுருகத்தில் இந்த இனத்துக்கு எடுத்துக்காட்டாக ஒருவர் இருக்கிறார். ஆதிமூலம் என்று பெயர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கல்வராயன் மலைக்கு ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போய் வெள்ளிமலையில் ஒரு பை கடுக்காய் வாங்கி வந்திருப்பார். அன்றிலிருந்து மலையே தன்னிடம் ரகசியம் சொன்னது மாதிரி பேசுவார். டீக்கடையில் சர்க்கரை விஷம் என்று சொல்லிவிட்டு நாலு பஜ்ஜியை உள்ளே தள்ளுவார். ஷாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். தலைக்கு மட்டும் டை அடிப்பார். கேட்டுப் பாருங்களேன், அது மூலிகையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே, இலவச சோப்பு வகுப்பு நடத்துகிறார். மண்டையோடு படம் போட்ட பொட்டலத்திலிருந்து காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டுவார். புகை கிளம்பும், நாங்கள் இருமுவோம், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சொட்டு கெமிக்கல் கெடையாது" என்பார். அப்போ காஸ்டிக் சோடா? அது "காரம்". பெயரை மாற்றிவிட்டால் பொருளே மாறிவிடும் என்பது இந்த இனத்தின் முதல் நம்பிக்கை.

இரண்டாவது நம்பிக்கை இரும்பு. எண்ணெயை இரும்புச் சட்டியில் காய்ச்ச வேண்டும், வெட்டிய கட்டிகளை இரும்பு ரேக்கில் உலர்த்த வேண்டும். ஏன் என்று கேட்டீர்களா? சோப்பில் இரும்புச் சத்து ஏறுமாம்.

இந்த வகுப்புக்குத்தான் செந்தமிழ்ச்செல்வி வந்தாள். கரும்பு வெட்டும் களை எடுப்பும் அவளுக்குப் பிழைப்பு. மகள் எழில்மதிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருப்பவர்கள், அவர்கள் வீட்டு விசேஷத்தில் தாம்பூலப் பைக்குள் எவர்சில்வர் டப்பா கிடக்கும். தன்னால் அது முடியாது, ஆனால் தன் கையால் செய்த சோப்பு ஒன்றை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தால் யாரும் மகளை இளப்பமாகப் பேச மாட்டார்கள் என்று அவள் கணக்குப் போட்டாள். முந்நூறு கட்டி. நல்ல கணக்குதான். வாத்தியார்தான் தப்பு.

அவளோடு பக்கத்து வீட்டு ஷாலினியும் வந்திருந்தாள். கல்லூரியில் வேதியியல் படித்த பெண். செக்குக் கடலை எண்ணெயைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

"அங்கிள், இந்த எண்ணெ சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். காத்து பட்டுப் பட்டுதான் கெடுது. வாங்கினு வந்த அன்னைக்கே கொஞ்சூண்டு வைட்டமின் ஈ எண்ணெ கலந்து வச்சிட்டா கெடறது தள்ளிப்போவும். அப்பறம் இரும்பு வேணாம். இரும்பு பட்டா இன்னும் ஜாஸ்தியா கெடும்."

ஆதிமூலம் சிரித்தார். பெரிய மனிதர்கள் சின்னப் பெண்களைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"இன்னாமா, எழுத்துல பேரு வச்சதெல்லாம் கெமிக்கலு. ஈயாம் ஈ! நம்ம பாட்டன் முப்பாட்டன்லாம் ஈ கலந்தா குளிச்சாங்க?"

அவர் பாட்டன் முப்பாட்டன் சோப்பே போட்டுக் குளித்ததில்லை என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஷாலினி கையை இறக்கிக்கொண்டாள்.

அவர் சொன்னபடியே வீட்டில் செய்து இரும்பு ரேக்கில் அடுக்கிய முந்நூறு கட்டிகளிலும் ஆறு வாரம் கழித்து ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பியது. செந்தமிழ்ச்செல்வி பதறிப்போய் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

"அண்ணா, இத கொஞ்சம் மோந்து பாருங்களேன். ஒரு மாதிரி அடிக்குது."

அவர் மோந்து பார்க்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து மெச்சினார். "மூலிகை பூக்குதும்மா! கடை சோப்புல இந்த மாதிரி புள்ளி பாத்துகிறியா? இதான் ஒரிஜினல்னு அத்தாட்சி."

"வாடை வருதுண்ணா."

"கடை சோப்பு போட்டுப் போட்டு உன் மூக்கு கெட்டுப்போச்சு."

பாவம், அவள் தன் மூக்கை நம்பாமல் அவர் வாயை நம்பினாள். முந்நூறு பையிலும் ஒவ்வொன்று போட்டாள்.

கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாள் முதல் பையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "இன்னாங்க சம்மந்தி, போன தீவாளி முறுக்கா இது?" அவ்வளவுதான். பத்துப் பேர் பையைத் திறந்து மோந்தார்கள், பத்துப் பேரும் சிரித்தார்கள். மணக்கோலத்தில் நின்ற எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நம்மவர் அப்போது இரண்டாம் பந்தியில் வடையைப் பாயசத்தில் முக்கிக்கொண்டே, "அவுங்க சட்டிய சரியா காய வைக்கல" என்று பக்கத்து இலைக்காரருக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை செந்தமிழ்ச்செல்வி, விருந்தாளிகள் விட்டுப்போன கட்டிகளை இரண்டு கோணிச் சாக்கில் கட்டி ஆதிமூலத்தின் வாசலில் கொண்டுவந்து இறக்கினாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"எரநூத்தம்பது மிச்சம் கீதுண்ணா. நாளைக்கு ஒன்னு போட்டுக் குளிங்க. நான் தெனம் வந்து உங்கள மோந்து பாக்கறேன். என் மூக்கு கெட்டதா, உங்க சோப்பு கெட்டதான்னு தெரிஞ்சிக்கலாம்."

ஆதிமூலம் ஓர் அடி பின்னால் போனார். "எனக்கு சோப்பே ஆவாதும்மா. ஸ்கின் அலர்ஜி. டாக்டரு சொல்லிகிறாரு."

மூன்று வருஷமாக ஊருக்கே சோப்பு கற்றுக்கொடுத்தவர் ஒரு நாள்கூட அதைத் தன் உடம்பில் தேய்த்ததில்லை! அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு நடந்தது. பத்தொன்பது பேர் வந்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஷாலினி கையை இறக்கிய அன்று மாடியில் முதலில் சிரித்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் யாராவது சளிக்கு மருந்தோ, தலைக்கு எண்ணெயோ, குழந்தைக்குப் படிப்போ கேட்டால் "எனக்குத் தெரியாதுங்க" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? நினைவில்லையா? அப்படியென்றால் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு உங்களைக் கொஞ்சம் மோந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டாம், சிக்கு பிடித்தவருக்குத் தன் வாடை தெரியாது.